தளபதிகள் நம்பாத ராணுவ மந்திரி

1905 டிசம்பர் மாதம். பிரிட்டனில் லிபரல் கட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. ராணுவ இலாகாவுக்கு வந்த புதிய மந்திரியைப் பார்த்ததும் தளபதிகளின் முகம் சுருங்கியது.

பருத்த உடம்பு, மெல்லிய குரல், தொழிலோ வக்கீல் தொழில். ஓய்வு நேரத்தில் ஜெர்மன் தத்துவ நூல்களில் மூழ்குபவர். இவர் பட்டாளத்தை என்ன செய்யப்போகிறார்?

அவர்தான் ரிச்சர்ட் பர்டன் ஹால்டேன். அப்போது அவருக்கு வயது 49.

தளபதிகள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தம் 20 கோடிப் பவுனுக்கு மேல் விழுங்கியிருந்தது. செலவைக் குறைப்போம் என்று சொல்லித்தான் லிபரல் கட்சி மக்களிடம் ஓட்டுக் கேட்டது. அதற்கு முன் இருந்த இரண்டு மந்திரிகள் ராணுவத்தைச் சீர்திருத்த முயன்று தோற்றுப்போனார்கள். இப்போது வந்திருப்பவர் கத்தரிக்கோலோடு வந்திருக்கிறார் என்றே ராணுவத்தார் எண்ணினார்கள்.

தத்துவம் படித்த வக்கீல்

ஹால்டேன் 1856 ஜூலை 30-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தெய்வ பக்தி மிகுந்த குடும்பம். 17 வயதில் ஜெர்மனியிலுள்ள கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். அங்கே லோட்ஸே என்ற பேராசிரியரிடம் கொண்ட மதிப்பு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

1879-ல் லண்டனில் வக்கீலானார். 1885-ல் பார்லிமெண்ட் அங்கத்தினரானார். நிச்சயித்த திருமணம் 1890-ல் முறிந்தது. அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. தாயாருக்கு அநேகமாக நாள் தவறாமல் கடிதம் எழுதுவார். அந்த அம்மையார் நூறு வயது வாழ்ந்தவர்.

தம்பி ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற விஞ்ஞானி. தம்பி மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் நமக்கும் வேண்டியவர்தான். 1957-ல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.

வெட்டும் கட்டும்

எந்த மாதிரி ராணுவம் வேண்டும் என்று தளபதிகள் கேட்டபோது, ஜெர்மன் தத்துவ ஞானி ஹெகலின் பெயரைச் சொல்லி ஹால்டேன் வேடிக்கையாகப் பதில் அளித்தாராம். அதோடு அன்றைய பேச்சு ஓய்ந்துவிட்டது.

ஆனால் அவர் அவசரப்படவில்லை. கர்னல் எலிசன் என்ற அதிகாரியை அருகில் வைத்துக்கொண்டு ராணுவப் பாடம் கேட்டார். டக்ளஸ் ஹெய்க் என்ற தளபதியை இந்தியாவிலிருந்து வரவழைத்தார்.

செலவுக்கு 2 கோடியே 80 லட்சம் பவுன் என்று எல்லை வகுத்துக்கொண்டார். எதை வெட்டுவது என்று தொடங்காமல், இந்த ராணுவம் எதற்காக இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். யுத்தம் வந்தால் கடல் கடந்து போய்ப் போரிட ஒரு படை வேண்டும். தாய்நாட்டைக் காக்க இன்னொரு படை வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவாதவற்றைக் குறைத்தார். சில பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. பழம்பெருமை வாய்ந்த கார்ட்ஸ் படையும் தப்பவில்லை. படைவீட்டில் கசப்பு மூண்டது.

வெட்டியவர் கட்டவும் செய்தார். ஆறு காலாட்படை டிவிஷன்களும் ஒரு குதிரைப்படை டிவிஷனும் கொண்ட வெளிநாட்டுப் போர்ப்படையைத் திட்டமிட்டார். 1906-ல் ராணுவத் தலைமை அலுவலர் குழு அமைந்தது. சிதறிக் கிடந்த தொண்டர் படைகளை ஒன்றாக்கி, 14 டிவிஷன்கள் கொண்ட பிரதேசப் படை 1908 ஏப்ரல் 1-ம் தேதி பிறந்தது.

இரு பக்கத்திலும் இடிதான். அவருடைய கட்சியிலேயே பலர் வெட்டு போதாது என்றார்கள். கட்டாய ராணுவ சேவை வேண்டும் என்று கோரிய முதுபெரும் தளபதி ராபர்ட்ஸ் பிரபு, தொண்டர்களை நம்பி நாட்டை விடுவதா என்று கண்டித்தார். படை சிறியது என்ற குறையில் உண்மையும் இருந்தது. நீண்ட யுத்தத்துக்கு அது போதாது என்பது பின்னால் தெரிந்தது.

சோதனை நாள்

1912-ல் ஹால்டேன் லார்டு சான்சலர் என்ற உயர்ந்த நீதிப் பதவிக்கு மாறினார். 1914 ஆகஸ்ட் 3-ம் தேதி பிரதமர் ஆஸ்க்வித் அவரை மீண்டும் ராணுவ அலுவலகத்துக்கு அனுப்பினார். தாம் வகுத்த திட்டப்படி படைதிரட்டும் உத்தரவைத் தாமே பிறப்பித்தார். மறுநாள் யுத்தம் மூண்டது. மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 23-ம் தேதி, அந்தப் படை பெல்ஜியத்தில் மான்ஸ் நகரருகே ஜெர்மானியரை எதிர்த்து நின்றது.

நன்றி கிடைத்ததா? இல்லை. கெட்டிங்கனில் தம் ஆசிரியரின் வகுப்பறையே தமக்கு ஆத்மிக வீடு என்று அவர் முன்பு சொன்னதைத் திரித்து, ஜெர்மனியே அவர் வீடு என்று பத்திரிகைகள் தூற்றின. ஒரு பத்திரிகையின் தூண்டுதலால் ஒரே நாளில் 2,600 கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. 1915 மே மாதம் கூட்டு மந்திரிசபை அமைந்தபோது, எதிர்க்கட்சி கேட்டபடி ஹால்டேன் கைவிடப்பட்டார். ஆஸ்க்வித் அவருடைய நெடுநாள் நண்பர்!

யுத்தம் முடிந்து, 1919-ல் லண்டனில் வெற்றி ஊர்வலம் நடந்தது. ஹால்டேனுக்கு அதில் இடமில்லை, வீட்டில் இருந்தார். அன்று அவர் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பிரெஞ்சு மண்ணில் பிரிட்டிஷ் படைகளை வெற்றிக்கு நடத்திச் சென்ற ஹெய்க்தான் அவர். இங்கிலாந்துக்கு வாய்த்த ராணுவ மந்திரிகளில் ஹால்டேனே தலைசிறந்தவர் என்று தம் போர் அறிக்கைத் தொகுப்பில் எழுதியும் அவருக்கு வழங்கினார்.

1924-ல் முதல் தொழிற்கட்சி அரசில் ஹால்டேன் மீண்டும் லார்டு சான்சலரானார். 1928 ஆகஸ்ட் 19-ம் தேதி, 72-வது வயதில், ஸ்காட்லாந்தில் தம் குடும்ப வீட்டில் காலமானார்.

செலவைக் குறைக்க வந்த மந்திரியைக் கண்டு படையினர் சந்தேகப்பட்டது இயல்பே. உயிரைப் பணயம் வைப்பவர்கள் அவர்கள். ஆனால் எதற்காக வைத்திருக்கிறோம் என்று கேட்டுவிட்டு வெட்டுபவரும், கணக்கு மட்டும் பார்த்து வெட்டுபவரும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் தெரிய பிரிட்டனுக்கு ஒன்பது வருஷமும் ஒரு யுத்தமும் தேவைப்பட்டன.