கணிதமேதை இராமானுஜன் விட்டுச் சென்ற எண்

ஸ்ரீநிவாச இராமானுஜனின் பெயரை அறியாத தமிழர் இல்லை. ஆனால், அவர் ஆராய்ந்த வரிசையொன்றில் மறைந்திருந்த மாபெரும் முதன்மை எண்ணை எம்மிற் பலர் அறியோம். எமது இளையோரும் அறியவேண்டி அவர் வரலாற்றோடு அதனையும் இங்கு தருகிறோம்.

1887 டிசம்பர் 22 இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அளவற்ற பக்தி கொண்டவர். கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாமையால் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்தார், பட்டமும் கிட்டவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார்.

அங்கிருந்தே 1913 இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தமது முடிவுகளை எழுதியனுப்பினார். அவற்றுள் முதன்மை எண்கள் பற்றிய சில பிழையானவை. ஆயினும் ஹார்டி அவரது ஆற்றலைக் கண்டுகொண்டார். 1914 இல் இராமானுஜன் கடல் கடந்து இந்நாடு வந்தார். 1916 இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது.

அதே ஆண்டில், முடிவில்லாப் பெருக்கமொன்றை விரித்துப் பெறும் எண்வரிசை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவ்வரிசை 1, −24, 252, −1472, 4830 என்று செல்லும். இரண்டாம் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பெருக்கினால் −6048; வரிசையின் ஆறாம் எண்ணும் அதுவே! இவ்வியல்பை அவர் கண்டு சொன்னார். 1917 இல் மோர்டல் நிறுவினார். அவர் ஊகித்த இன்னொன்றை நிறுவ 1974 இல் டெலீன் வரவேண்டியிருந்தது.

போர்க்காலக் குளிரும் மரக்கறி உணவுத் தட்டுப்பாடும் அவரை வாட்டின. 1918 இல் ரோயல் சங்க உறுப்பினரானார். எமது மிச்சத்திலிருந்து சில மைல் தூரத்திலுள்ள பட்னி மருத்துவ இல்லத்தில் அவர் நோயுற்றிருந்தபோதே வாடகைக் கார் எண் 1729 பற்றிய உரையாடல் நிகழ்ந்தது. 1919 இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் 32 வயதில் காலமானார்.

45 ஆண்டுகளின் பின், 1965 இல், அமெரிக்க அறிஞர் லெமர் அவ்வரிசையில் முதன்மை எண் உண்டா என ஆராய்ந்தார். 63,001 ஆம் இடத்துக்கு முன் ஒன்றுகூட இல்லை. அவ்விடத்தில், கழித்தற் குறியை நீக்கிப் பார்த்தால், இருப்பது இது:

80,561,663,527,802,406,257,321,747

26 இலக்கங்கள். ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணால் வகுத்தாலும் எமது ஊரின் பெயரே வரும்: மிச்சம்!

தாயகத்துப் பட்டங்கள் இங்கு செல்லாதெனக் கேட்டு, பெற்றோல் நிலையங்களில் இரவு விழித்துப் படித்தவர் எம்மிற் பலர். துறைமுக எழுதுவினைஞர் ஒருவரின் கணக்கை உலகம் இன்னும் செய்து முடிக்கவில்லை. பிள்ளைகளே, 24 ஐ 252 ஆற் பெருக்கிப் பாருங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.