இன்டர்பெரான் கண்ட ஐசக்ஸ்

ஃப்ளூ காய்ச்சல் வந்தவர்களுக்குத் தெரியும். உடம்பை அடித்துப் போட்டாற்போல் வலிக்கும். எழுந்து வேலைக்குப் போக முடியாது. இந்த வலி முழுவதும் கிருமியின் வேலை அல்ல. கிருமியை எதிர்க்க நம் உடம்பே உண்டாக்கும் இன்டர்பெரான் என்ற பொருளுக்கும் அதில் பங்கு உண்டு. அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் டாக்டர் அலிக் ஐசக்ஸ்.

ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் 1921-ம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதைவிடக் கிருமி ஆராய்ச்சியில்தான் மனம் சென்றது. ஆஸ்திரேலியா சென்று, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பர்னட்டிடம் பயின்றார். பிறகு லண்டன் மில் ஹில்லில் அப்போது இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஃப்ளூ கிருமியை ஆராய்ந்தார்.

ஒரு வைரஸ் புகுந்த செல்லில் இன்னொரு வைரஸ் எளிதில் வளராது. இது முன்பே தெரிந்த விஷயம். ஏன் என்பதுதான் தெரியவில்லை. 1956-ல் சுவிட்சர்லாந்தில் இருந்து ஜீன் லிண்டன்மேன் என்ற இளைஞர் அங்கே வந்தார். இருவரும் சேர்ந்து இந்தப் புதிரை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. கருவுற்ற கோழி முட்டையின் உள்சவ்வைத் துண்டு துண்டாக எடுத்து, உப்புக் கரைசலில் போட்டார்கள். சூட்டினால் செயல் இழந்த ஃப்ளூ கிருமியை அதில் சேர்த்தார்கள். பிறகு சவ்வை அகற்றிவிட்டு, மிஞ்சிய நீரில் புதுச் சவ்வை ஊற வைத்து, உயிருள்ள கிருமியை விட்டார்கள். கிருமி வளரவில்லை! செல்களில் இருந்து ஏதோ ஒன்று நீரில் இறங்கியிருந்தது. அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டு 1957-ல் வெளியிட்டார்கள்.

திருடன் புகுந்த வீட்டுக்காரர் போடும் கூச்சலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் கதவைத் தாழிடுவது போலத்தான் இது. இன்டர்பெரான் கிருமியைக் கொல்வதில்லை. பக்கத்து செல்களை உஷார்ப்படுத்துகிறது.

பத்திரிகைகள் ஆகா என்றன. விஞ்ஞானிகளில் பலர் நம்பவில்லை. கிடைத்த அளவோ மிகச் சொற்பம். சுத்தமாகப் பிரித்தெடுக்கவும் முடியவில்லை. அப்படி ஒரு பொருளே இல்லை, வெறும் கற்பனை என்று கேலி பேசினார்கள். லிண்டன்மேன் ஊர் திரும்பிவிட்டார். ஏச்சும் பேச்சும் ஐசக்ஸ் தலையில்தான் விழுந்தன. ஏற்கெனவே மனச்சோர்வு நோய் அவரை வாட்டி வந்தது. பின்னர் மூளையில் இரத்தக் கசிவும் ஏற்பட்டது. அப்படியும் ஆராய்ச்சியை விடவில்லை. 1966-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மறைந்தார். வயது 45.

அவர் பார்க்காதது பிறகு நடந்தது. பின்லாந்தில் கரி கான்டெல், இரத்த தானம் செய்தவர்களின் வெள்ளை அணுக்களில் இருந்து இன்டர்பெரான் எடுத்தார். ஸ்வீடனில் எலும்புப் புற்றுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1980-ல் பாக்டீரியாவைக் கொண்டே அதைத் தயாரிக்கும் வழி பிறந்தது, பஞ்சம் தீர்ந்தது. 1986-ல் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. புற்றுநோய் செல் பெருகுவதை இது மட்டுப்படுத்துகிறது. உடம்பின் காவல் அணுக்களையும் தட்டி எழுப்புகிறது.

எல்லாப் புற்றுநோயும் தீரும் என்று அப்போது கிளம்பிய பேச்சு பலிக்கவில்லை. ஊசி போட்டால் ஃப்ளூ போலவே காய்ச்சல், அசதி. சிலருக்கு மனச்சோர்வும் வருகிறது. பல நோய்களில் புது மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனாலும் சிவப்பணுக்கள் அளவு மீறிப் பெருகும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு, நீண்ட நாள் வேலை செய்யும் புது இன்டர்பெரான் ஊசியை 2021-ல் அமெரிக்கா அனுமதித்தது.