தப்பிய தலை

முல்லா பனா வாகிப் ஒரு கவிஞர். இன்று அஜர்பைஜானில் உள்ள சுஷா என்ற மலைக்கோட்டையில் பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். ஈரானின் மேலாட்சிக்கு உட்பட்ட காரபாக் சிற்றரசின் தலைநகர் அது. வாகிப்பின் படிப்பை மெச்சிய மன்னர் இப்ராகிம் கலீல் கான், அவரை மந்திரி ஆக்கிக்கொண்டார்.

1795-ல் ஈரானின் ஆகா முகமது கான் பெரும்படையுடன் வந்து 33 நாள் முற்றுகையிட்டார். கோட்டை பணியவில்லை.

1797-ல் மறுபடியும் வந்தார், இப்போது ஈரானின் ஷாவாக. மன்னர் ஓடிவிட்டார். மந்திரி சிறையில் அகப்பட்டார். விடிந்தால் அவர் தலை போய்விடும் என்று ஊரே பேசியது.

ஆனால் இரவில் செத்தவர் ஷா!

வேலைக்காரர்கள் சிலருக்கு மரண தண்டனை விதித்துவிட்டு, அவர்களையே காவலுக்கு வைத்துக்கொண்டு தூங்கினார். தூங்கலாமா? அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

வாகிப் வீடு திரும்பினார். மன்னர்தான் உடனே திரும்பவில்லை. அவருடைய சகோதரர் மகன் முகமது பேக் ஆட்சியைப் பிடித்தார். அதே ஆண்டில் வாகிப்பையும், அவர் மகன் அலியையும் கொன்றுவிட்டார்.