புராஸ்டேட் புற்றுநோயை ஹார்மோனை வைத்தே மடக்கிய டாக்டர்: யார் இந்த சார்லஸ் ஹக்கின்ஸ்?

புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரைக்கும் பரவிடுச்சுன்னா, 1940-க்கு முன்னாடி அதைக் கட்டுப்படுத்த உருப்படியான மருந்தே கிடையாது. வலியைக் குறைக்கப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். 1941-ல் அந்த நிலையை மாற்றியவர் சார்லஸ் ஹக்கின்ஸ்.

யார் இவர்?

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 1901-ல் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்தார். மிச்சிகனில் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றார். 1927-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, சிறுநீரகவியல் பிரிவை இவர் தலையில் கட்டினார்கள். அந்தத் துறைக்கு ஹக்கின்ஸ் கிட்டத்தட்ட புதுசு.

நாய்கள் காட்டிய வழி

புராஸ்டேட் சுரப்பியில் சுரக்கும் திரவத்தை நாய்களை வைத்து ஆராய்ந்து வந்தார். வயதான சில நாய்களுக்கு அந்தச் சுரப்பியில் கட்டி இருந்தது. ஆய்வுக்கு இது இடைஞ்சலாச்சே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் விரைகளை அகற்றியதும் கட்டி சுருங்கியது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தாலும் அதேதான் நடந்தது.

அப்படின்னா, மனிதர்களுக்கும் இது பலிக்குமா?

முதல் சோதனை

நோய் முற்றிய சிலரிடம் ஹக்கின்ஸ் குழு இதைச் சோதித்தது. விரைகளை அகற்றிய பின் 21 பேருக்கு என்ன ஆனது என்பதை 1941-ல் வெளியிட்டார்கள். பலருக்கு எலும்பு வலி குறைந்தது, பசி எடுத்தது, உடல் எடை கூடியது.

நோயாளிகள் சொன்னதை மட்டும் அவர்கள் நம்பவில்லை. இந்தப் புற்றுநோய் பரவும்போது ரத்தத்தில் ஆசிட் பாஸ்ஃபட்டேஸ் என்ற நொதி கூடும். சிகிச்சைக்குப் பிறகு அது இறங்கியது. ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டால் மறுபடி ஏறியது.

புற்றுநோய் செல்கள் யாருக்கும் கட்டுப்படாமல் தானாகவே வளரும் என்று நம்பிய காலம் அது. உடம்பின் சொந்த ஹார்மோன்தான் சில புற்றுநோய்களுக்குத் தீனி என்று ஹக்கின்ஸ் காட்டினார். இதற்காக 1966-ல் நோபல் பரிசைப் பேட்டன் ரவுஸுடன் பகிர்ந்துகொண்டார். கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் நடுவில் 25 ஆண்டுகள்!

ஆனால் ஒரு சிக்கல்

பலருக்கு நோய் திரும்பி வந்தது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் சுரக்கும். 1945-ல் அதையும் அகற்றிப் பார்த்தார் ஹக்கின்ஸ். ஆனால் அந்தச் சுரப்பி இல்லாமல் உயிர்வாழத் தேவையான கார்ட்டிசோன் மருந்து அப்போது கைக்கு வரவில்லை. அது கிடைத்த பிறகு 1950-களில் மீண்டும் முயன்றார். அப்படியும் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. ஹார்மோன் சிகிச்சை பலருக்குத் தோற்றுப்போகிறது என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

கீமோதெரபி எங்கே வந்தது?

ஹார்மோன் சிகிச்சை கைவிட்டவர்களுக்குத்தான் 1990-களில் கூட்டு கீமோதெரபி மருந்துகளைச் சோதித்தார்கள். முதல் கட்டத்தில் சில நோயாளிகள் மட்டுமே இருப்பார்கள். மருந்தின் அளவை மெல்ல மெல்லக் கூட்டி, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். அடுத்த கட்டத்தில், ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு இறங்குகிறதா என்று கவனிப்பார்கள். அன்று ஆசிட் பாஸ்ஃபட்டேஸை வைத்து ஹக்கின்ஸ் செய்த அதே கணக்குதான்!

அப்படிச் சோதிக்கப்பட்ட எஸ்ட்ராமஸ்டின் என்ற மருந்து, ஈஸ்ட்ரோஜனையும் செல்களைக் கொல்லும் ஒரு வேதிப்பொருளையும் ஒட்டவைத்து உருவானது. கடைசியில் நிலைத்தது டோசிடாக்செல். ப்ரெட்னிசோனுடன் சேர்த்துக் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று 2004-ல் உறுதியானது.

அதைப் பார்க்க ஹக்கின்ஸ் இல்லை. 1997 ஜனவரியில், 95 வயதில் சிகாகோவில் காலமானார்.

2015-ல் வெளியான இன்னொரு ஆய்வு, பரவிய நோய்க்குத் தொடக்கத்திலேயே ஹார்மோன் சிகிச்சையுடன் டோசிடாக்செலையும் சேர்த்தது. ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை (மீடியன்) ஆயுள் 44 மாதம். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 57.6 மாதம். ஹக்கின்ஸின் சிகிச்சை ஓரங்கட்டப்படவில்லை. புது மருந்துக்கு அதுதான் இன்றும் அஸ்திவாரம்.