வாழவந்தியில் வாழ வந்த அம்மையார்

சேலம் நகரத்தைச் சுற்றி மலைகளுக்குப் பஞ்சமில்லை. வடக்கே சேர்வராயன் மலை. அதன் மேலே ஏற்காடும் தலைச்சோலையும். தென்கிழக்கே கொல்லிமலை. இரண்டு மலைகளிலும் வாழும் பழங்குடி மக்கள் ஒரே இனத்தார்தான். மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்லர். தமிழ் பேசும் மலைவாசிகள்.

ஆனால் அந்நாளைய வெள்ளைக்காரர்கள் இரண்டு மலைகளையும் ஒன்றாகக் கருதவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை நட்டார். பிறகு அங்கே தோட்டங்கள், பங்களாக்கள், மாதா கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் வந்துவிட்டன. கொல்லிமலைக்கோ போக அஞ்சினார்கள். கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலைதான். பலாவும் தேனும் மிகுந்த மலைதான். ஆயினும் அங்கே மலேரியாக் காய்ச்சல் குடிகொண்டிருந்தது. பெயரிலேயே கொல்லி இருக்கிறதே என்று சமவெளி மக்களும் தயங்கினார்கள்.

குளிர்ச்சியான ஏற்காட்டை விட்டுவிட்டு, அந்தக் காய்ச்சல் மலையைத் தேடிப் போய்க் குடித்தனம் வைத்தது ஒரு பாதிரியார் குடும்பம். அந்தக் குடும்பத்தின் தலைவிதான் எவெலின் பிராண்ட் அம்மையார்.

சீமைச் சீமாட்டி

எவெலின் 1879-ல் லண்டனில் செல்வமான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் பயின்றவர். பட்டும் இறகுத் தொப்பியுமாகப் பழகிய பெண். கல்யாண வயதைக் கடந்த பிறகு, மதப் பணிக்காகக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். ஜெஸ்ஸி பிராண்ட் அவருக்கு முன்பே இந்தியா வந்தவர். கட்டட வேலை தெரிந்தவர். சீமையில் கொஞ்சம் வைத்தியமும் கற்றுக்கொண்டவர். எவெலினைவிட ஆறு வயது இளையவர்.

1913 ஆகஸ்டில் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அன்றே மலைப் பயணம். அந்நாளில் மலைக்குச் சாலை கிடையாது. டோலி கட்டி மணப்பெண்ணைத் தூக்கிச் சென்றார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. புதுப் பெண் நனைந்த கோலத்தில்தான் புகுந்த வீடு போய்ச் சேர்ந்தார்.

அந்த வீடு வாழவந்தி என்னும் ஊரில் இருந்தது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! ஜெஸ்ஸி தம் கையால் கட்டிய மரவீடு அது. கல்தூண்களின் மேல் நின்றது. கறையான் ஏறாமலிருக்க, ஒவ்வொரு தூணின் தலையிலும் வாணலியைக் கவிழ்த்தாற்போல ஒரு தகரத் தட்டு. சமவெளியிலிருந்து எந்தச் சாமான் வேண்டுமானாலும் ஆள் தலைச்சுமையாகத்தான் வரவேண்டும்.

மரத்தின் மேல் பள்ளிக்கூடம்

1914-ல் பால் என்ற மகன் பிறந்தான். அடுத்து கான்னி என்ற மகள். பள்ளிக்கூடம் இல்லாத மலையில் தாயே ஆசிரியை ஆனார். பாலுக்குத் தரையில் உட்கார்ந்து படிக்கப் பிடிக்காது. பலாமரக் கிளையில் ஏறி உட்கார்ந்து கணக்குப் போடுவான். முடிந்ததும் தாளைக் கீழே போடுவான். தாய் எடுத்துத் திருத்துவார். மாலையில் தந்தை வந்தால், கறையான் புற்றைப் பிரித்துக் காட்டியும் தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டியும் பாடம் நடத்துவார்.

ஊர்ப் பெரியவர்களும் பாடம் சொன்னார்கள். ஒருநாள் பாலும் ஊர்ச் சிறுவர்களும் வயலில் இறங்கித் தவளை பிடித்தார்கள். படிக்கட்டுபோல் அமைந்த நெல்வயல். சேறு கலங்கி, வரப்பைத் தாண்டிக் கீழே வடிந்தது. ஒரு தாத்தா வந்து ஒரு பிடி சேற்றைக் கையில் அள்ளிக் காட்டினார். இந்தச் சேறுதான் சோறு; இது ஆற்றோடு போனால் மலைக்குத் திரும்பாது என்று விளக்கினார். பால் பிற்காலத்தில் பேர்பெற்ற டாக்டரான பிறகும் இதை மறக்கவில்லை, கட்டுரையாகவே எழுதினார்.

வீட்டுத் திண்ணைதான் ஆஸ்பத்திரி. ஜெஸ்ஸி பல் பிடுங்குவார். புண்ணுக்குக் கட்டுப் போடுவார். நரம்புச் சிலந்தி அன்று பெரிய கொடுமை. காலில் புண்ணாகி வெளிவரும் நீண்ட புழுவை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாளுக்குக் கொஞ்சமாக வெளியே இழுக்கவேண்டும். படிக்கிணற்றில் இறங்கி நிற்பவர் காலிலிருந்து அந்த நோய் தண்ணீருக்குப் போகிறது என்பதை ஜெஸ்ஸி எடுத்துச் சொல்லி, கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பச் செய்தார். இந்தியா முழுவதிலும் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 2000-ல்தான்.

ஒருநாள் குஷ்டரோகிகள் மூவர் படியேறி வந்தார்கள். ஜெஸ்ஸி கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் காலைக் கழுவி மருந்து போட்டார். எவெலின் ஒரு கூடையில் உணவு வைத்தார். ஆனால் அந்தக் கூடையைத் தொடாதே என்று பாலுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவர்களுக்கும் அச்சம் இருக்கத்தான் இருந்தது. அந்த நோயைப் பற்றி அன்று உலகம் அறிந்தது அவ்வளவுதான்.

பூசாரியின் குழந்தை

ஊழியம் ஒருபுறம் இருக்க, வந்த நோக்கம் கைகூடவில்லை. மலை மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்கள், மதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட தெய்வங்களை, நேற்று வந்தவர் பேச்சைக் கேட்டு யார் விடுவார்? எதிர்ப்புக்கு முன்நின்றவர் ஒரு பூசாரி. ஐந்தாறு ஆண்டுகள் ஓடியும் ஒருவர்கூட அவர்கள் பக்கம் வரவில்லை.

1918-ல் விஷக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டுபோன இன்புளூயன்சா மலை மேலும் ஏறியது. காய்ச்சல் கண்ட வீட்டை உறவினரே எட்டிப் பார்க்கவில்லை. பிராண்ட் தம்பதிகள் அரிசிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஊட்டினார்கள். பூசாரியும் படுத்துவிட்டார். அவர் குடிசைக்கும் கஞ்சி போயிற்று.

தாம் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும், பூசாரி தம் கைக்குழந்தையை அந்தத் தம்பதிகளிடமே ஒப்படைத்தார். ஊரார் யாரும் வேண்டாம், இவர்கள் வளர்க்கட்டும் என்பது அவர் முடிவு. எவெலின் அந்தப் பெண்குழந்தைக்கு ரூத் என்று பெயரிட்டுத் தம் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தார். பிரசங்கத்தால் திறக்காத மலையை ஒரு குழந்தை திறந்துவிட்டது. அதன் பிறகு பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் அவர் மடிக்கு வந்தார்கள்.

கொடுத்த விலை

ஊரார் பிள்ளைகளை வளர்த்த தாய், தம் பிள்ளைகளைப் பிரிய வேண்டி வந்தது. 1923-ல் குடும்பம் சீமைக்குப் போயிற்று. படிப்பை முன்னிட்டுப் பாலையும் கான்னியையும் லண்டனில் தாயின் சகோதரிகள் பொறுப்பில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் தந்தையை மீண்டும் பார்க்கவே இல்லை.

1929 ஜூன் 15-ல் ஜெஸ்ஸி கறுப்பு நீர்க் காய்ச்சலில் காலமானார். மலேரியா முற்றி வரும் அந்த நோய் 44 வயதில் அவரைக் கொண்டுபோயிற்று. சாவுச் செய்தி தந்தியில் போய்விட்டது; கப்பல் தபாலோ மெதுவாகப் போகிறது. தந்தை உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள், அவர் இறந்த பிறகும் சில வாரங்கள் மகன் கைக்கு வந்துகொண்டிருந்தன.

எவெலின் சீமை சென்று பிள்ளைகளைப் பார்த்தார், அங்கே தங்கவில்லை. மறுபடியும் இந்தியா வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் பணிக்கு வைத்தது. மலையைப் பார்த்துக்கொண்டே ஆண்டுகள் கழிந்தன. எழுபது வயதை நெருங்கியபோது ஓய்வுபெறச் சொன்னார்கள். அம்மையார் ஓய்வு பெற்றார்; ஆனால் சீமைக்குப் போகவில்லை. பழைய கொல்லிமலைக்கே ஏறி, ஒரு சிறு குடில் போட்டுக்கொண்டார். இனி யாருடைய சம்பளமும் இல்லை, யாருடைய உத்தரவும் இல்லை.

குதிரைப் பாட்டி

கொல்லிமலை ஒன்றோடு அவர் நிற்கவில்லை. பச்சைமலை, கல்ராயன் மலை, பெரியமலை, சித்தேரிமலை என்று மட்டக்குதிரையில் ஏறிப் போனார். எழுபத்தைந்து வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். பிறகு ஜீப் பயணம்.

பால் அப்போது வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் புகழ்பெற்ற டாக்டர். குஷ்டத்தால் மடங்கிப்போன கைவிரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர் அவர். தொடாதே என்று கேட்டு வளர்ந்த சிறுவன், தொட்டுக் குணப்படுத்தும் டாக்டராகிவிட்டான்! அந்த மகன் வந்து மலையை விட்டுவிடும்படி மன்றாடினார். பல்லும் எலும்பும் பார்க்க அங்கே வேறு ஆள் ஏது என்பதே தாயின் வாதம். மகன்தான் தோற்றார். அம்மையார் இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு மலைக்குத் திரும்பினார். நடக்க முடியாத இடத்துக்குக் குதிரை. ஒரு காலத்தில் ஓவியம் தீட்டிய அந்த அழகி, தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. பாட்டி என்றுதான் அவருக்குப் பெயர் நிலைத்தது.

1974 டிசம்பரில், 95-வது வயதில் அவர் கண்ணை மூடினார். வாழவந்தியில் கணவர் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள். பெட்டி வேண்டாம், மரத்தை வீணாக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஆகவே ஒரு பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வைத்தார்கள். தாத்தா ஒருவர் ஒரு பிடி அள்ளிக் காட்டினாரே, அதே மலையின் மண்.

இன்று கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. ஆகாய கங்கை அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் கூட்டம் போகிறது. நரம்புச் சிலந்தி என்றால் என்னவென்று அங்கே பிள்ளைகளுக்குத் தெரியாது.