கிரெகோரி பலமாசர்

கடவுள் என்னுஞ் சொற்கு, எல்லாவற்றையுங் கடந்து நிற்பது எனவும், எல்லாவற்றின் உள்ளும் நிற்பது எனவும் பொருள் கூறுவர். இவ்விரண்டனுள் கடந்து நிற்றலையே கொள்ளின், உயிர்கள் இறைவனை அடையும் வழி இல்லையாம். உள்நிற்றலையே கொள்ளின், அவனுக்கும் உலகிற்கும் வேற்றுமை இல்லையாய் முடியும். கிறித்துவத்தின் கீழைத் திருச்சபையில் இவ்விடர்ப்பாட்டை நேர்நின்று ஆராய்ந்து, அதன்பொருட்டுத் துன்பமும் உற்றவர் கிரெகோரி பலமாசர் ஆவர்.

இவர் கி. பி. 1296-ஆம் ஆண்டையொட்டிக் கான்ஸ்தாந்திநோபிள் நகரில் உயர்குடியிற் பிறந்தார். தந்தையார் இவரது இளமையிலேயே இறந்தமையால், பேரரசர் இரண்டாம் ஆந்திரோனிக்கர் இவர்தங் கல்வியைப் பேணினர். அரிஸ்டாட்டிலின் அளவைநூலிற் சிறந்த தேர்ச்சி பெற்ற இவர், அரசவைப் பதவியை விரும்பாது, ஏறத்தாழ இருபதாம் அகவையில் தம்பியர் இருவருடன் ஆதோஸ் மலையை அடைந்து துறவு பூண்டனர். அன்னையாரும் உடன்பிறந்த மகளிரும் அங்ஙனமே துறவுநெறி மேற்கொண்டனர்.

அம்மலைத் துறவிகள் இயேசுவின் திருப்பெயரை மூச்சோடு இயைத்து இடையறாது உருவேற்றி, மனத்தை நெஞ்சத்தே ஒடுக்கி மோனத்திருந்தனர். அந்நிலையில் தோன்றும் ஒளி, தாபோர் மலையில் இயேசுவினிடம் சீடர் கண்ட ஒளியேயாம் என்பது அவர்தங் கொள்கை. கிரெகோரியாரும் பின்னர்ப் பெரோயா நகரின் அருகே, வாரத்தில் ஐந்து நாள் தனித்திருந்தும், எஞ்சிய இருநாள் ஏனையோருடன் கூடி வழிபட்டும் வாழ்ந்தனர்.

அக்காலத்துக் கலாபிரியா நாட்டினின்று வந்த பர்லாம் என்னும் கல்வியாளர் இந்நெறியை எள்ளினர். இறைவன் அறிவிற்கு எட்டாதவனாகலின், துறவிகள் கண்ட ஒளி படைக்கப்பட்ட பொருளேயாதல் வேண்டும் என்பது அவர் வாதம். கிரெகோரியார் 1338 முதல் 1341 வரை ஒன்பது நூல்கள் இயற்றி இதனை மறுத்தனர்.

அவர் துணிபு வருமாறு: இறைவனது சொரூபம் வானவரும் அறியவொண்ணாதது, எக்காலத்தும் எவ்வுயிரும் அதனைப் பற்றுதல் இயலாது. ஆயினும், அவன் ஆற்றல்கள் உயிர்கள்பால் வந்து நிறைகின்றன. அவை படைக்கப்பட்டன அல்ல. இறைவனே அவ்வாறு வெளிப்படுகின்றான். ஞாயிற்றின் வட்டத்தை அணுகவொண்ணாதார்க்கும் அதன் கதிர் உண்மையாகவே எய்துதல் போலும் இது. ஒளி படைப்புப் பொருளாயின், அடியார் பெற்றது படைப்பையன்றி இறைவனை அன்று. சொரூபமே பெறப்படின், உயிரும் இறைவனும் ஒன்றாய் முடியும். இவ்விரு குற்றமும் அணுகாமற் காத்தலே அவர் கருத்து.

இதனால் தெய்வம் இரண்டாகும் என அகிண்டினர் முதலியோர் தடை நிகழ்த்தினர். ஆற்றல்கள் இறைவனின் பகுதிகள் அல்ல. ஒவ்வொன்றினும் அவன் முழுமையாய் விளங்குகின்றான் என விடையிறுத்தனர் கிரெகோரியார்.

1341-இல் தலைநகரிற் கூடிய சங்கம் பர்லாமின் கூற்றை விலக்கியது. ஆயினும், பேரரசர் இறந்தபின் எழுந்த உள்நாட்டுப் போரில் திருச்சபைத் தலைவர் கலேக்கர் கிரெகோரியாரை 1343-இற் சிறைப்படுத்தி, மறு ஆண்டு திருச்சபையினின்றும் நீக்கினர். 1347-இல் விடுதலையுற்றுத் தெசலோனிக்கா நகரின் பேராயரானார். ஆயின் ஆங்கு நிலவிய கலகத்தால் 1350 வரை நகர்புகவும் இயலவில்லை. 1351-ஆம் ஆண்டுச் சங்கம் அவர் கொள்கையைத் திருச்சபைக் கொள்கையாக நிலைநாட்டிற்று. 1354-இற் கடற்பயணத்தே துருக்கியரிடம் சிறைப்பட்டு ஓராண்டு கழித்தும், ஆங்கு இசுலாமிய அறிஞருடன் சமயவுரையாடல் நிகழ்த்தினர்.

மேலைத் திருச்சபையோ, வீடுபெற்றார் இறைவனது சொரூபத்தையே காண்பர் என 1336-இல் அறுதியிட்டிருந்தது. ஆகலின் இருசபைக்கும் இவ்விடத்தே வேற்றுமை நிலவுகின்றது. கிரெகோரியார் 1350-களின் இறுதியில் உயிர் நீத்தார். 1368-இற் கீழைத் திருச்சபை அவரைத் தூயவர் வரிசையிற் சேர்த்தது. தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு அவர் நினைவு நாளாகும். எட்டாதவனே எய்துகின்றான் என்னும் அவ்வுண்மையை வாதத்தால் மட்டுமன்றி, மோனத்தானும் துன்பம் பொறுத்தலானும் நிறுவினமையே அவர் பெருமை என்க.