ஒரு சிவப்பு ஓட்டுத் துண்டு... அரிக்கமேட்டுக்கு வயசு சொன்ன மார்ட்டிமர் வீலர்!

வீக் எண்டுக்கு பாண்டி போறீங்கன்னா லிஸ்ட் ரெடியா இருக்கும். ராக் பீச், ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் முன்னாடி ஒரு போட்டோ, ஆரோவில், நல்லதா ஒரு கஃபே. அதே ஊரிலிருந்து தெற்கே ஸ்கூட்டியில் அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய அரிக்கமேடு அந்த லிஸ்ட்டில் பெரும்பாலும் இருக்காது. போனாலும் என்ன இருக்கும்? அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் ஒரு மேடு, தோப்பு, பழைய மிஷன் கட்டடத்தின் இடிந்த தூண்கள். அவ்வளவுதான்.

ஆனா, தென்னிந்தியாவின் பழைய வரலாற்றுக்கு தேதி போட்ட இடம் அது. போட்டவர் சர் மார்ட்டிமர் வீலர். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே வரியில் கடந்துபோன பெயர். அவர் வாழ்க்கை ஒரே வரியில் அடங்காது.

பானை படிக்கப் போன இளைஞர்

1890 செப்டம்பர் 10 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர் வீலர். அப்பா பத்திரிகையாளர். குடும்பம் லண்டனுக்கு வந்ததும் யுனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்து பட்டம் வாங்கினார். 1913-ல் ஓர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அதை வைத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜெர்மனியின் ரைன் நதிக்கரைக்குப் போய் ரோமானியர் காலத்துப் பானைகளைப் படித்தார். அப்போ வயசு 23. உடைஞ்ச பானையைப் படிச்சு என்ன ஆகப்போகுதுன்னு யாரும் கேட்டிருக்கலாம். பதில் 31 வருஷம் கழித்து புதுச்சேரியில் கிடைத்தது.

1914-ல் கல்லூரியில் பழகிய டெஸ்ஸாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷம் முதல் உலகப் போர். பீரங்கிப் படையில் சேர்ந்து பிரான்ஸ், பெல்ஜியம் போர்முனைகளைப் பார்த்தார், மிலிட்டரி கிராஸ் பதக்கம் வாங்கினார். அவரோடு தொல்லியல் கனவு கண்ட தலைமுறையில் பலர் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர், பட்டாளத்தில் கற்ற ஒழுங்கை அகழாய்வுக்குள் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்தில் அகழாய்வு என்றால் பல இடங்களில் புதையல் வேட்டை மாதிரிதான். ஆட்களை வைத்துத் தோண்டு, அழகான பொருளை எடு, மண்ணைக் கொட்டு. வீலரும் டெஸ்ஸாவும் நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். சதுரங்களுக்கு நடுவே மண் சுவரை வெட்டாமல் விட்டார்கள். அந்தச் சுவரின் பக்கவாட்டைப் பார்த்தால் மண் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்று எழுதி வைத்தால்தான் அதற்கு அர்த்தம். இன்னைக்கு கீழடி வீடியோக்களில் நீங்க பார்க்கிற கட்டம் கட்டமான குழிகள் இருக்கே, அது இந்த வழியில் வந்ததுதான்.

வேல்ஸ் நாட்டில் கார்லியன் என்ற ஊரில் ரோமானியர்களின் வட்ட அரங்கம், இங்கிலாந்தில் வெருலாமியம் என்ற ரோமானிய நகரம், மெய்டன் காசில் என்ற பழங்கால மலைக்கோட்டை... அந்தத் தம்பதியின் பெயர் பரவியது. பத்திரிகைகளில் பெரும்பாலும் வீலரின் மீசைதான் முன்னால் நின்றது. களத்தில் தினமும் நின்று வேலையை நடத்தியதில் டெஸ்ஸாவின் பங்கு பெரிது. கார்லியன் அரங்க வேலையை முடித்துக் கொடுத்ததே அவர்தான். 1936-ல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டெஸ்ஸா இறந்தபோது வீலர் வெளிநாட்டில் இருந்தார். இருவரும் சேர்ந்து கனவு கண்ட லண்டன் தொல்லியல் கல்வி நிறுவனம் மறு வருஷம் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க டெஸ்ஸா இல்லை.

வீலர் குறையில்லாத மனிதர் இல்லை. முன்கோபி, விளம்பரப் பிரியர், மனைவிக்கு உண்மையாக இல்லாதவர் என்ற விமர்சனங்கள் அவர் வாழ்க்கை வரலாறுகளிலேயே இருக்கின்றன.

போர்க்களத்திலிருந்து பாண்டிக்கு

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஐம்பதை நெருங்கிய வயதில் மறுபடியும் சீருடை. வட ஆப்பிரிக்காவில் எல் அலமெய்ன் போரில் இருந்தார். லிபியாவில் லெப்டிஸ் மேக்னா, சப்ரதா என்ற ரோமானிய நகரங்களின் இடிபாடுகளைப் படைகள் சேதப்படுத்தாமல் காக்க ஏற்பாடு செய்தார். இத்தாலிப் படையெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் இந்தியாவிலிருந்து அழைப்பு. இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வர முடியுமா? 1944-ல் வந்து சேர்ந்தார்.

அதே வருஷம் சென்னை அருங்காட்சியகத்தில் பழைய பொருட்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ஜாடியின் கழுத்துப் பகுதி கண்ணில் பட்டது. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த அந்த மாதிரி ஜாடிக்கு ஆம்ஃபோரா என்று பெயர். மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேற்ற வைத்திருந்த பாத்திரம். அது சென்னைக்கு எங்கிருந்து வந்தது? புதுச்சேரியிலிருந்து.

அன்றைக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. வீலர் கிளம்பிப் போனார். அங்கே பொது நூலகத்தில் தூசி படிந்த அலமாரியில் அரிக்கமேட்டுப் பொருட்கள் கிடந்தன. அவற்றுக்குள் பளபளப்பான சிவப்பு ஓட்டுத் துண்டுகள். பார்த்ததும் வீலருக்குப் புரிந்துவிட்டது. ரைன் நதிக்கரையில் 23 வயசில் படிச்ச அதே பாடம்!

எட்ருஸ்கன் ஊரிலிருந்து வந்த தட்டு

அந்தச் சிவப்பு மண்பாண்டத்துக்கு அரெட்டைன் என்று பெயர். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருக்கும் இன்றைய அரெஸ்ஸோ நகரின் பழைய பெயர் அரெட்டியம். ரோமாபுரி பெரிதாவதற்கு முன்பே அந்தப் பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களின் ஊர் அது. வெண்கல வார்ப்பிலும் சுடுமண் சிற்பத்திலும் கைதேர்ந்தவர்கள் எட்ருஸ்கன்கள். சிங்க உடம்பும் ஆட்டுத் தலையும் பாம்பு வாலும் கொண்ட அவர்களுடைய வெண்கலச் சிற்பம் ஒன்று 1553-ல் அதே அரெஸ்ஸோவில்தான் கிடைத்தது. அவர்கள் நகர வாசல்களில் கட்டிய கல் வளைவுகளை ரோமானியர்கள் எடுத்துக்கொண்டு பாலமாக, நீர்க்கால்வாயாக, அரங்கமாகப் பெருக்கினார்கள்.

பாத்திரத்திலும் அப்படித்தான். பணக்காரர் வீட்டு வெள்ளித் தட்டின் அழகை மண்ணில் கொண்டுவரப் பார்த்தார்கள். நல்ல களிமண், மேலே மெல்லிய பூச்சு, சூளையில் காற்று தாராளமாகப் போகும்படி சுட்டால் பளபளக்கும் சிவப்பு. அச்சு வைத்து ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அடியில் பட்டறைக்காரரின் பெயரை முத்திரையாகக் குத்தினார்கள். இன்றைய பிராண்ட் லோகோ மாதிரின்னு வெச்சுக்கோங்க. விபியே, கமுரி, இத்தா என்று அப்படி முத்திரை குத்திய ஓடுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன.

இதில் என்ன விசேஷம்? தென்னிந்தியாவில் ரோமானியக் காசுகள் அதற்கு முன்பே நிறைய கிடைத்திருந்தன. ஆனால், காசை வைத்து வயசு சொல்வது ரிஸ்க். தங்கக் காசைப் பாட்டி காலத்திலிருந்து பேத்தி காலம் வரை பத்திரமா வெச்சிருப்போம், இல்லையா? சாப்பிடுற தட்டு அப்படி இல்லை. கொஞ்ச நாளில் உடையும், குப்பைக்குப் போகும். அரெட்டைன் தட்டுகள் செய்யப்பட்டதோ கி.மு. 1-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைதான். ஆக, அந்த ஓடு கிடைக்கும் மண் அடுக்கின் காலம் கிட்டத்தட்ட தெரிந்துவிடும். அதே அடுக்கில் கிடக்கும் உள்ளூர்ப் பானைக்கும் வயசு தெரிந்துவிடும்.

1945-ல் பிரெஞ்சு அரசின் அனுமதியோடு, இந்திய மாணவர்களையும் வைத்துக்கொண்டு அரிக்கமேட்டில் தோண்டினார் வீலர். வெயில் காலம். ஆறு பக்கத்திலேயே இருப்பதால் குழிக்குள் தண்ணீர் ஊறியது, இறைத்து இறைத்துத் தோண்டினார்கள். கிடங்கு என்று அவர் கருதிய சுமார் 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடம், துணிக்குச் சாயம் ஏற்றியிருக்கலாம் என்று நினைக்க வைத்த தொட்டிகள், கண்ணாடி மணிகளும் கல் மணிகளும், தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள்... எல்லாம் வெளியே வந்தன. ரோமானிய வணிகர்களுக்காக எழுதப்பட்ட பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில் வரும் பொதுகே என்ற துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சுடச்சுட 1946-லேயே அறிக்கையும் வெளியானது.

உட்பக்க அடியில் கோடு கோடாக அலங்காரம் செய்த தட்டுகளும் அங்கே கிடைத்தன. அதே தட்டு 1947-ல் கர்நாடகாவின் பிரம்மகிரியில் வீலர் தோண்டியபோதும் வந்தது. உடனே அங்கிருந்த பெருங்கற்காலச் சின்னங்களுக்கும் காலம் சொல்ல ஒரு வழி பிறந்தது. பாண்டியில் போட்ட முடிச்சைப் பிடித்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்கப் போக முடிந்தது.

வீலர் சொன்னதும் மிச்சம் இருந்ததும்

அரிக்கமேட்டை உலகம் அறிய வைத்தவர் வீலர். முதலில் பார்த்தவர் அவர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டிலேயே லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்கே பழைய செங்கற்களைக் கவனித்தார். புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ஜுவோ துப்ரேல், அந்த ஊர்ச் சிறுவர்கள் மண்ணிலிருந்து பொறுக்கி வைத்திருந்த மணிகளைப் பார்த்து ஆர்வமானார். முகம் செதுக்கிய ஒரு கல் அவர் கைக்கு வந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று அவர் கருதினார். வீலருக்கு முன்பே பிரெஞ்சுக்காரர்கள் சிலர் அங்கே தோண்டவும் செய்தார்கள். அந்தச் சிறுவர்களின் பெயர் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொரு விஷயம் முக்கியம். வீலர் அரிக்கமேட்டை ரோமானியர் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்த்தார். மீனவர் கிராமமாக இருந்த இடம் ரோமானிய வணிகத்தால் ஊரானது என்பது அவர் கதை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மறுபடியும் தோண்டியது. ரோமானியப் பொருட்கள் வந்து இறங்குவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அவை நின்ற பிறகும் இருந்தது என்று தெரிந்தது. வீலர் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்த அந்தக் கோட்டு அலங்காரத் தட்டும் இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்று மண் ஆய்வுகள் காட்டின. சிந்துவெளியை ஆரியப் படையெடுப்புதான் அழித்தது என்று அவர் சொன்னதையும் பிறகு வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அவரை மறுக்க உதவியதும் அவர் கற்றுக்கொடுத்த வழிதான். அடுக்கைப் பார், எழுதி வை, அறிக்கையை வெளியிடு. அப்போதானே அடுத்தவங்க சரிபார்க்க முடியும்? அவரிடம் பயின்ற பி.பி.லால் போன்றவர்கள் பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையை நடத்தினார்கள்.

1948-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். 1952-ல் சர் பட்டம். பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சியில் பழம்பொருளைக் கையில் எடுத்து இது என்னன்னு கண்டுபிடிக்கும் ஒரு வினாடி வினா ஷோ வந்தது. அதில் கலக்கி, 1954-ல் அந்த வருஷத்தின் தொலைக்காட்சி நட்சத்திரம் ஆனார்! அதே வருஷம் ரோமப் பேரரசின் எல்லைக்கு வெளியே போன ரோமானியப் பொருட்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அரிக்கமேட்டுக்கும் இடம் உண்டு. 1964-ல் ரோமானியக் கலை, கட்டடக்கலை பற்றித் தனிப் புத்தகம். 1976 ஜூலை 22 அன்று, 85 வயதில் காலமானார்.

அடுத்த தடவை பாண்டி போனா, முதலில் பாரதி பூங்கா பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போங்க. அரிக்கமேட்டு ஓடுகளையும் மணிகளையும் நிதானமா பாருங்க. அப்புறம் ஆற்றங்கரைக்குப் போங்க. மழை பெய்த பிறகு அந்த மண்ணில் சின்னச் சின்ன மணிகள், ஓடுகள் மேலே வரும். கை பரபரக்கும். போட்டோ எடுங்க, ஆனா பொருளை எடுக்காதீங்க. கிடந்த இடத்திலேயே இருக்கும்வரைதான் ஓர் ஓட்டுத் துண்டு வயசு சொல்லும். உங்க பாக்கெட்டுக்குள் வந்துட்டா அது வெறும் ஓடு.